மாட்டுக்குப் போட்ட ஊசி: பாறுகள் காணாமல் போனது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஊரில் செத்த மாட்டைப் போடுவதற்கென்றே ஓர் இடம் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், யாரும் வெள்ளாமை வைக்காத மேட்டுக்காடு. மாடு செத்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே தள்ளிவிட்டு வருவார்கள். தோலை உரிக்க ஆள் வருவார். அவர் வேலையை முடித்துக் கிளம்புவதற்குள் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். 1980களின் தொடக்கத்தில், ஆறோ ஏழோ வயதில், தூரத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்று இறங்கும். இறங்கியதும் சாப்பிடாது, சும்மா உட்கார்ந்திருக்கும். அப்புறம் நாலு, பத்து, முப்பது. கழுத்தை நீட்டிக்கொண்டு, இறக்கையைப் பாதி விரித்துக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற கூட்டம்தான். மறுநாள் போனால் எலும்புக்கூடு மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். நாற்றம் என்று ஒன்று இருக்காது. சில வாரம் கழித்து எலும்பு பொறுக்குகிறவர் சாக்கோடு வருவார்.

பிணந்தின்னிக் கழுகு என்றுதான் ஊரில் சொல்வோம். பாறு, எருவை என்று சங்கப் பாடல்களில் இருக்கும் பெயர்கள் எங்கள் பக்கம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டன. பிணந்தின்னி என்று சொல்லும்போதே ஓர் அருவருப்பு கூடவே வந்துவிடுகிறது. அதனால் இனி பாறு என்றே எழுதுகிறேன்.

கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சுற்றுச்சூழலியல் கட்டாயப் பாடம். பல வருடமாக அதை நடத்துகிறேன். பாதிப் பேர் வருகைப் பதிவுக்காக உட்கார்ந்திருப்பார்கள், அது எனக்கும் தெரியும். புத்தகத்தில் சூழல் மண்டலம் ஓர் அலகு, காடு இன்னொரு அலகு, இனக்கூட்டம் வேறொரு அலகு. தேர்வுக்கு அது சௌகரியம். ஆனால் ஒரு மாடு செத்துக் கிடக்கும் மேட்டில் அந்த மூன்று அலகும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதைக் காட்ட எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த உதாரணம் பாறுகளின் வீழ்ச்சி. வேட்டை இல்லை, காட்டை வெட்டவும் இல்லை. அப்படியும் ஒரு துணைக்கண்டம் முழுக்க இருந்த பறவை பதினைந்தே வருடத்தில் இல்லாமல் போனது.

எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது

இந்தியாவில் 9 வகைப் பாறுகள் உண்டு. இந்தக் கதை அவற்றில் மூன்றைப் பற்றியது: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, வடக்கே மட்டும் இருக்கும் மெல்லிய அலகுடைய பாறு. 1980களில் நாட்டில் 4 கோடிப் பாறுகள் இருந்ததாக ஒரு கணக்கு எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. அது மதிப்பீடுதான், யாரும் தலை எண்ணவில்லை. ஆனால் உலகிலேயே அதிகம் காணப்பட்ட பெரிய இரைதேர் பறவை வெண்முதுகுப் பாறாகத்தான் இருக்கும் என்று அந்தக் காலத்துப் பறவையியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிகம் இருக்கும் ஒன்றை யாரும் எண்ணுவதில்லை. நாம் காக்கையை எண்ணுகிறோமா?

எண்ணி வைத்த ஒருவர் இருந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களின் நடுவில் பாறுக் கூடுகளைக் கணக்கெடுத்திருந்தார். அப்போது நூற்றுக்கணக்கான கூடுகள். 1990களின் பிற்பாதியில் அதே மரங்களைத் திரும்பப் பார்க்கப் போனபோது கூடுகள் காலி. சில பறவைகள் கிளையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன, சில மரத்திலேயே செத்துத் தொங்கின. பத்தாண்டுக்கு முன் எடுத்த அந்தச் சாதாரணக் கணக்கு இல்லாமல் போயிருந்தால் 'முன்னே நிறைய இருந்துச்சு, இப்ப கம்மி' என்ற ஊர்ப் பேச்சோடு விஷயம் முடிந்திருக்கும்.

பிறகு நாடு முழுவதும் சாலை வழியாகப் போய் எண்ணினார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துவிட்டது. மற்ற இரண்டு வகையும் சேர்த்து 96.8 சதவீதம். 2000க்குப் பிறகு வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஏறக்குறைய 44 சதவீத வேகத்தில் சரிந்திருக்கிறது. வகுப்பில் இதைப் பலகையில் எழுதிப் போட்டுக் காட்டுவேன். முதல் வருடம் 1000 பறவை. அடுத்த வருடம் 560. அப்புறம் 314, 176, 98, ஐந்தாவது வருட முடிவில் 55. பின்வரிசை கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவது இந்த இடத்தில்தான்.

பாறு வீட்டுக் குடும்பக் கணக்கு

எலிகளில் பாதியைக் கொன்றாலும் சில மாதத்தில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். பாறு அப்படி இல்லை. ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பறக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். பறந்துபோன குஞ்சு தன் முதல் முட்டையை இட ஏறத்தாழ ஐந்து வருடம் ஆக வேண்டும். அதற்குள் பல குஞ்சுகள் செத்துப்போகும். இத்தனை சாவகாசமாகக் குடும்பம் நடத்தும் பறவை எப்படிக் கோடிக்கணக்கில் பெருகியது என்றால், வளர்ந்த பறவை லேசில் சாகாது, பல பத்தாண்டு வாழும். குறைவாகப் பெற்று நீண்ட நாள் வாழ்வது ஒரு வழி, நிறையப் பெற்று சீக்கிரம் சாவது இன்னொரு வழி. யானை, திமிங்கிலம், பாறு எல்லாம் முதல் வகை. நாய், எலி, கொசு இரண்டாம் வகை.

முதல் வகையில் ஒரு பலவீனம் உண்டு. வளர்ந்தவை சாகும் விகிதம் கொஞ்சம் ஏறினாலும் இனக்கூட்டம் தாங்காது. குஞ்சுகள் போனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். தாயும் தகப்பனும் போனால் கணக்கு அன்றோடு முடிந்தது. நூறு பெரிய பறவையில் வருடத்துக்கு ஐந்தாறு சாவதைத்தான் அந்த ஒற்றை முட்டை ஈடுகட்டும். நாற்பது செத்தால் எந்த முட்டையும் ஈடுகட்டாது.

கொன்றது எது

முதல் சந்தேகம் தொற்றுநோய் மீது. ஓர் ஊரில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது போலத் தெரிந்ததால் வைரஸாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். பூச்சிமருந்து மீதும் சந்தேகம் போனது. ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்தவன் மேல்தானே முதலில் கண் போகும். இந்திய வெயிலில் செத்த பறவை சில மணி நேரத்தில் அழுகிவிடுவதால் அறுத்துப் பார்க்க நல்ல உடல் கிடைப்பதே பெரும்பாடு.

விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. அங்கே பஞ்சாபில் லாகூருக்குப் பக்கத்திலுள்ள சங்கா மங்கா காடு உள்ளிட்ட சில இடங்களில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் பாகிஸ்தான் ஆய்வாளர்களும் 2000 முதல் செத்த பாறுகளைச் சேகரித்து அறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றின் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவம். அது யூரிக் அமிலம். நாம் சிறுநீரில் யூரியாவாகக் கழிப்பதைப் பறவைகள் யூரிக் அமிலமாகக் கழிக்கின்றன. காக்கை எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான். சிறுநீரகம் நின்றுவிட்டால் அது வெளியே போக வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே படிகிறது. ஆக, சாவு சிறுநீரகம் செயலிழந்து வந்தது. ஆனால் அதைச் செயலிழக்க வைத்தது எது?

வைரஸ் இல்லை, பாக்டீரியா இல்லை, ஈயமோ பாதரசமோ இல்லை, பூச்சிமருந்தும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய் 'மாட்டுக்கு என்னென்ன மருந்து விற்கிறது' என்று கேட்டிருக்கிறார்கள். பாறு தின்பது மாட்டை. மாட்டுக்குள் என்ன போகிறதோ அதுதான் பாறுக்குள்ளும் போகும். அந்தப் பட்டியலில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய, வாய் வழியாக உடம்பில் சேரக்கூடிய மருந்து ஒன்றுதான் சிக்கியது: டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் நாம் போட்டுக்கொள்ளும் அதே வலிநிவாரணி. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பாறுகளைச் சோதித்தார்கள், 25லும் மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13ஐச் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. மருந்து கொடுத்த கால்நடையின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை அதே வெள்ளைப் படிவத்தோடு செத்தன. 2004 ஜனவரியில் இது நேச்சர் இதழில் வெளியானது.

மாட்டுக்கு இந்த மருந்தால் ஒன்றும் ஆவதில்லை. சில நாளில் உடம்பிலிருந்து வெளியேறிவிடும். ஊசி போட்டுப் பிழைத்த மாட்டால் பாறுக்கு ஆபத்தே இல்லை. ஊசி போட்டும் பிழைக்காமல் இரண்டு மூன்று நாளில் செத்த மாடுதான் எமன். சாகக் கிடக்கும் மாட்டுக்குக் கடைசி முயற்சியாக வலி குறையட்டும் என்று ஊசி போடுவது மனிதன் செய்யக்கூடிய நல்ல காரியம். அந்த நல்ல காரியம் நேராகப் பாறின் இரைப்பையில் போய் முடிந்தது.

நூற்றில் ஒன்றுகூட வேண்டாம்

இங்கே மாணவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. நாட்டில் மாடும் எருமையுமாக 30 கோடி இருக்கிறது. எல்லாவற்றுக்குமா சாகும் நேரத்தில் இந்த ஊசி போட்டார்கள்? இல்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ரைஸ் கிரீன் என்ற பிரிட்டன் ஆய்வாளரும் குழுவும் 2004லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 130 பிணத்தில் ஒன்று முதல் 760 பிணத்தில் ஒன்று வரை விஷமாக இருந்தாலே இந்த வீழ்ச்சி வந்துவிடும்.

அவர்கள் கணிதம் கடினமானது. நான் எளிதாக ஒன்று போட்டுக் காட்டுவேன். பாறு தினமும் சாப்பிடுவதில்லை. ஒருமுறை வயிறு முட்டத் தின்றால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மூன்று நாளைக்கு ஒரு வேளை என்று வைத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 120 வேளை. 200 பிணத்தில் ஒன்று விஷம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளையில் தப்பிக்கும் வாய்ப்பு 200க்கு 199. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 120 வேளையும் தப்பிக்க வேண்டும். 199ஐ 200ஆல் வகுத்து, வந்ததை 120 தடவை பெருக்கிப் பாருங்கள். 0.548 வரும். நூறில் 55 பிழைக்கும், 45 சாகும். வருடத்துக்கு 44 சதவீதம் என்று சாலையில் எண்ணிச் சொன்னார்களே, அதற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது இந்தக் கணக்கு. கைப்பேசியில் கால்குலேட்டர் திறந்து தாங்களே போட்டுப் பார்த்தவர்கள் யாரும் இதை மறப்பதில்லை.

நிஜத்தில் நிலைமை இதைவிட மோசம். 2004, 2005ல் இந்தியாவில் செத்த கால்நடைகளின் ஈரல் மாதிரிகள் 1,800க்கு மேல் எடுத்துச் சோதித்ததில் நூற்றுக்குப் பத்தில் டைக்ளோஃபெனாக் இருந்தது. பாறு மோப்பத்தால் இரை தேடுவதில்லை, கண்ணால் தேடுகிறது. ஒன்று இறங்குவதைப் பார்த்து அடுத்தது இறங்கும், அதைப் பார்த்து அதற்கும் அப்பால் பறப்பது. கூட்டம் கூட்டமாக வாழ வைத்த பழக்கம் அது. ஒரே விஷப் பிணத்தில் கூட்டம் கூட்டமாகச் சாக வைத்ததும் அதுதான்.

2012ல் எங்கள் வீட்டுத் தொழுவத்தில்

அப்பா வளர்த்த கறவை மாடு ஒன்று காய்ச்சல் கண்டு படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. அரசு மருத்துவர் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஊசி போடுகிறவர் ஒருவரை அப்பா கூட்டிவந்தார். அவர் பையிலிருந்து எடுத்த குப்பியை நான் வாங்கிப் பார்த்தேன். 30 மில்லி. டைக்ளோஃபெனாக். மனிதருக்கான மருந்து.

"அண்ணா, இது மனுசனுக்குப் போடற மருந்தாட்ட இருக்குதுங்களே?"

"அதெல்லாம் ஒண்ணுதானுங்க தம்பி. மாட்டு மருந்து இப்பக் கடையில வர்றதில்லீங்க. இது வெலையும் கம்மி, வேலையும் செய்யும்."

மாட்டுக்கான டைக்ளோஃபெனாக் உற்பத்தியை நிறுத்தச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டது 2006ல். ஆறு வருடம் கழித்து, அந்த மருந்து வேறு லேபிளோடு எங்கள் தொழுவத்தில் நிற்கிறது. எந்தக் கடையில் வாங்கினார் என்பது இங்கே முக்கியமில்லை, அநேகமாக எந்தக் கடையிலும் கிடைத்திருக்கும். மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். அப்படியானால் 30 மில்லிக் குப்பி யாருக்காக? மருத்துவமனைக்கு என்று பதில் சொல்வார்கள். கொஞ்சம் அங்கேயும் போயிருக்கும்.

நான் தடுத்திருக்க வேண்டும். வகுப்பில் வருடா வருடம் இதைத்தான் நடத்துகிறேன். ஆனால் மாடு முனகிக்கொண்டிருந்தது, அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் மாடு செத்தது. பழைய மேட்டுக்காட்டிலேயே போட்டோம். பாறு எதுவும் வரவில்லை, வர அந்தப் பக்கம் பாறே இல்லை. நாய்கள் வந்தன. ஒரு வாரத்துக்கு ஓடைப் பக்கம் யாரும் போக முடியவில்லை.

காலி இடத்துக்கு வந்தவர்கள்

சூழல் மண்டலத்தில் ஓர் இடம் காலியானால் அது காலியாகவே இருக்காது. யாராவது வந்து உட்காருவார்கள். வருகிறவர் பழைய ஆளின் வேலையை முழுதாகச் செய்வாரா என்பதுதான் விஷயம். பாறின் இரைப்பை அமிலம் அசாத்தியமானது. அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் பெரும்பாலான கிருமிகள் அதற்குள் செத்துவிடும். ஒரு பெரிய கூட்டம் இறங்கினால் ஒரு மாட்டை அரை மணி, முக்கால் மணியில் எலும்பாக்கிவிடும். நாய் அப்படி இல்லை. கிழிக்கும், இழுக்கும், பாதி தின்னும், மீதியைப் பரப்பும். வருடத்துக்கு ஒரு முட்டை என்று கணக்குப் பார்க்கும் ஜாதியும் இல்லை அது. தீனி கிடைத்தால் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி.

1992 முதல் 2003 வரை நாய்கள் ஏறத்தாழ 55 லட்சம் கூடியதாகவும், அதனால் 2006 வரையில் வெறிநாய்க் கடியால் சுமார் 48,000 பேர் கூடுதலாக இறந்ததாகவும் 2008ல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. 2024ல் ஏயால் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். பாறுகள் முன்பு அதிகம் வாழ்ந்த மாவட்டங்களையும் எப்போதுமே அதிகம் இல்லாத மாவட்டங்களையும் எடுத்து, டைக்ளோஃபெனாக் விற்பனை சூடு பிடித்ததற்கு முன்னும் பின்னும் மனிதர்களின் இறப்பு விகிதத்தை ஒப்பிட்டார்கள். பாறு இருந்த மாவட்டங்களில் இறப்பு 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மரணம். வெறிநோய், கெட்டுப்போன குடிநீர், பிணங்கள் அழுகிக் கிடந்த ஆற்றங்கரைகள் எல்லாம் இதில் அடக்கம் என்கிறார்கள். இதுவும் கணிப்புதான், இறப்புச் சான்றிதழில் 'பாறு இல்லாததால்' என்று யாரும் எழுதுவதில்லை. ஆனாலும் ஒப்பிட்ட முறை வலுவானது என்பது என் எண்ணம்.

பார்சிகளின் கதையும் உண்டு. மும்பை மலபார் குன்றில் இறந்தவர்களைப் பாறுகளுக்குக் கொடுக்கும் தோக்மாக்களில் பறவை வருவது நின்றுபோய், சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கண்ணாடிகளை வைக்க வேண்டிவந்தது. நம் பக்கம் திருக்கழுக்குன்றம். மலைக்கோயிலில் நண்பகலில் குருக்கள் வைக்கும் நைவேத்தியத்தைத் தின்ன இரண்டு பறவைகள் வந்துகொண்டிருந்தன. அவை மஞ்சள் முகப் பாறுகள், மஞ்சள் திருடி என்றும் சொல்வார்கள். காசியில் குளித்து ராமேசுவரத்தில் தரிசனம் முடித்து வழியில் இங்கே சாப்பிடுகின்றன என்பது ஐதீகம். 1998க்குப் பிறகு வரவில்லை. ஊரில் அதற்குச் சொல்லும் காரணங்கள் பல. டைக்ளோஃபெனாக் கணக்கில் அதைச் சேர்க்க என்னிடம் ஆதாரம் இல்லை, தேதி பொருந்துகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தடை, ஓட்டை, மறுபடி தடை

2006ல் இரண்டு நல்ல காரியம் நடந்தது. ஒன்று, முன்பே சொன்ன தடை. இன்னொன்று, மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாமல் மாட்டின் வலியையும் காய்ச்சலையும் குறைக்கும் என்று நிரூபணமானது. மாற்று இல்லாத தடை ஏட்டோடு போயிருக்கும். மாட்டுக்காரன் பறவைக்காக மாட்டைச் சாகவிட மாட்டான், விடவும் கூடாது.

ஓட்டையை நான் தொழுவத்திலேயே பார்த்துவிட்டேன். அதை அடைத்தது 2015 ஜூலையில் வந்த உத்தரவு: மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசிமருந்து இனி ஒரு வேளை அளவான 3 மில்லியில் மட்டுமே. மாட்டுக்கு நாலைந்து உடைத்தாக வேண்டும், மெனக்கெடும், காசும் கூடும். மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. ஒரு குப்பியின் அளவை மாற்றியது காட்டுக்குள் வேலி போடுவதைவிடப் பெரிய வனப் பாதுகாப்பு என்று வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

அதற்குள் வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஏசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும், பெயர்தான் வேறு. கீட்டோப்ரோஃபெனும் பாறுகளைக் கொல்லும். இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தது 2023 ஜூலையில். நிமெசுலைடுக்குத் தடை வந்தது 2024 கடைசியில். ஒவ்வொன்றும் ஆபத்து என்று தெரிந்த பிறகு தடைக்குப் பல வருடம் ஆகியிருக்கிறது. கடைக்கு வரும் முன்பே பாறுக்குப் பாதுகாப்பானதா என்று சோதிக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. என்னைக் கேட்டால் எல்லாத் தடையையும்விட அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

மாயாறு

தென்னிந்தியாவில் பாறுகள் தப்பித்து மிஞ்சிய முக்கியமான இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலைப் பக்கமிருந்து நீலகிரிக்கு வடக்கே ஓடி, பவானிசாகரில் வந்து சேரும் ஆறு. இரு பக்கமும் காடு. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறுக்குச் செங்குத்தான பாறை இடுக்கு வேண்டும். தனியாகத் திரியும் செம்முகப் பாறும் இங்கே உண்டு.

ஏன் இங்கே மட்டும்? புலி, சிறுத்தை, செந்நாய் அடித்துப் போடும் மானும் காட்டெருமையும் இருப்பதால். மானுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. காட்டுப் பிணம் கிடைக்கிற அளவுக்கு நாட்டு மாட்டின் பக்கம் போகும் தேவை குறைகிறது. புலியைக் காப்பாற்றியது பாறுகளையும் காப்பாற்றியிருக்கிறது, யாரும் திட்டமிடாமலே. ஆனால் பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றும். சரணாலயப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பாது. அதன் காட்டின் எல்லை எங்கள் ஊர் மருந்துக் கடை வரைக்கும் நீள்கிறது. மாட்டைப் புலி அடித்துவிட்டால் ஆத்திரத்தில் மீதிப் பிணத்தில் பூச்சிமருந்து வைக்கிறவர்களும் உண்டு. புலிக்கு வைத்ததில் முதலில் சாவது பாறு.

மசினகுடியில் ஒருமுறை மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். காடு முன்பைவிட அடர்த்தியாக இருக்கிறதே என்றேன். உண்ணிச்செடிப் புதரைக் கோலால் தட்டிக் காட்டினார். "இதையா காடுங்கறீங்க தம்பி? இதுக்குள்ள கழுகு எறங்குனா எந்திரிச்சே போவாது." அவர் சொன்னது சரி. பாறு கனமான பறவை. தரையில் இறங்கவும், நாலு அடி ஓடி எழும்பவும் வெட்டவெளி வேண்டும். உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மூடிவிட்ட இடத்தில் மான் செத்துக் கிடந்தாலும் மேலிருந்து தெரியாது, தெரிந்தாலும் இறங்க முடியாது. செயற்கைக்கோள் படத்தில் அதுவும் பச்சையாகத்தான் தெரியும்.

2022ல் தமிழக அரசு பாறுகளுக்காக மாநில அளவில் ஒரு குழு அமைத்தது. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் கணக்கெடுக்கின்றன. 2023 பிப்ரவரியில் மூன்று மாநிலத்திலும் சேர்த்து 246. அந்த வருடக் கடைசியில் 320. 'பாறுகள் பெருகின' என்று செய்தி வந்தது. மாணவர்களிடம் அந்தச் செய்தியைக் கொடுத்து, இது சாத்தியமா பாருங்கள் என்பேன். 246 பறவையும் ஜோடியாக இருந்தால்கூட 123 ஜோடி, 123 முட்டை. குஞ்சும் கிழடும் கழித்தால் ஜோடி இன்னும் குறையும். ஒரு பெரிய பறவைகூடச் சாகாமல், பத்து ஜோடியில் ஆறு குஞ்சைப் பறக்கவிட்டால்தான் 74 கூடும். அப்படி நடந்திருக்காது. கூடுதல் இடத்தில் நின்று எண்ணியிருப்பார்கள், அல்லது போன தடவை வேறெங்கோ போயிருந்த பறவைகள் இந்தத் தடவை இருந்திருக்கும். குறையவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்த எண்ணைச் சொல்ல வைக்கக் கூடாது.

ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள். முதல் முட்டையை எடுத்துப் பொரிப்பானில் வைத்துவிட்டால் சில ஜோடிகள் இரண்டாவது முட்டையும் இடும் என்று கண்டுபிடித்து, ஒன்றை இரண்டாக்கப் பார்க்கிறார்கள். உயிரியலில் அதற்கு மேல் அவசரப்படுத்த வழியில்லை.

இந்தப் பருவத்தில் மாயாற்று நீர்மருது ஒன்றில் பொரியும் குஞ்சு தன் முதல் முட்டையை இட ஐந்து வருடம் ஆகும். அதற்குள் அது ஏறத்தாழ 600 வேளை சாப்பிட்டாக வேண்டும். பழைய கணக்கையே திரும்பப் போடலாம். 200 பிணத்தில் ஒன்று விஷம் என்றால் அப்படிப்பட்ட நூறு குஞ்சில் 5 முட்டையிடும் வயதைத் தொடும். 2000 பிணத்தில் ஒன்று என்றால் 74.